உழைப்போர் துணைவர் சிங்காரவேலர்

நுழையும்முன்

நாம் ஏறிச் செல்லும் தொடர்வண்டியும், வீடு தேடி வரும் மடலும், குழாயில் வரும் குடிநீரும் பலருடைய உழைப்பால் இயங்குகின்றன. அவ்வுழைப்பு நாள்தோறும் தடையின்றி நடைபெறும்வரை அதனை நாம் நினைப்பதில்லை. ஒருநாள் அது நின்றுவிட்டால் ஊரே திகைக்கிறது. பொதுப்பணியில் உழைப்போர் தம் குறை தீரப் பணியை நிறுத்தலாமா? நிறுத்தினால் அதன் சுமையைத் தாங்குபவர் யார்? ஒரு சங்கத்தின் வலிமை எங்கிருந்து பிறக்கிறது? இக்கேள்விகளை ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே தம் வாழ்வில் எதிர்கொண்டவர் ம. சிங்காரவேலர். அவருடைய வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவர்

சென்னைக் கடற்கரையை ஒட்டிய அயோத்தியா குப்பத்தில், மீனவர் குடும்பம் ஒன்றில், 1860ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் சிங்காரவேலர் பிறந்தார். பெற்றோர் வெங்கடாசலம், வள்ளியம்மை. விடியலுக்கு முன்னரே கட்டுமரம் ஏறிக் கடலுக்குச் செல்வோரையும், கரையில் அவர்கள் திரும்பும் நேரம் பார்த்துக் காத்திருப்போரையும் கண்டு வளர்ந்த சூழல் அவருடையது. உழைப்பு ஒருவருடையதாகவும் அதன் பயன் பெரும்பாலும் வேறொருவருடையதாகவும் இருப்பதை நூல்களில் படிப்பதற்கு முன்பே கண்ணால் காணும் வாய்ப்பு அவருக்கு அமைந்தது.

அக்காலத்தில் மீனவக் குடும்பங்களிலிருந்து உயர்கல்வி பெற்றோர் மிகச் சிலரே. சிங்காரவேலர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர்ச் சட்டமும் பயின்று சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞரானார்.

கல்லூரிப் படிப்போடு அவர் கற்றல் முடிந்துவிடவில்லை. தென் கடற்கரைச் சாலையில் இருந்த அவர் இல்லம் ஒரு பெரிய நூலகமாகவே விளங்கியது. அறிவியல், பொருளியல், மெய்யியல், சமயம் எனப் பல துறை நூல்களை அவர் ஆயிரக்கணக்கில் திரட்டினார். புத்தரின் அறநெறி அவரைக் கவர்ந்தது. சென்னையில் மகாபோதி சங்கத்தின் பணிகளில் அவர் ஈடுபட்டார். அவர் இல்லத்தில் பௌத்தக் கூட்டங்கள் நடைபெற்றன. பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்னும் கொள்கை அவருள் வேரூன்றிய காலம் அது. பிற்காலத்தில் அவர் தொழிலாளர் இயக்கத்திற்கு வந்தபோது இந்தக் கொள்கையையும் தம்முடன் கொண்டுவந்தார்.

சங்கம் தோன்றிய காலம்

முதல் உலகப்போர் முடிவுற்ற ஆண்டுகளில் உணவுப் பொருள்களின் விலை பெரிதும் உயர்ந்தது. கூலி அதற்கேற்ப உயரவில்லை. ஆலைகளில் வேலைநேரம் நீண்டிருந்தது. உணவு உண்ணக் கிடைத்த இடைவேளையோ மிகக் குறுகியது. மேற்பார்வையாளர் தண்டம் விதித்தாலும், அடித்தாலும், வேலையிலிருந்து நீக்கினாலும் முறையிட வழியில்லை. தனித்தனியே நின்ற தொழிலாளி எவ்வளவு திறமையுடையவராயினும் முதலாளியின்முன் வலுவற்றவராகவே இருந்தார்.

இந்நிலையில் 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பெரம்பூர்ப் பகுதியில் இருந்த பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளின் தொழிலாளர்கள் அதில் திரண்டனர். பி. பி. வாடியா தலைவராகவும் திரு.வி.க. துணைத்தலைவர்களுள் ஒருவராகவும் பொறுப்பேற்றனர். செல்வபதி, இராமாநுசலு ஆகியோர் சங்கம் தோன்றப் பெருந்துணையாக நின்றனர். இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட தொடக்ககாலத் தொழிற்சங்கங்களுள் ஒன்றாக வரலாறு இதனைப் போற்றுகிறது.

சங்கத்தின் பேச்சாளர்கள் செந்தமிழில் உரையாற்றினர். வாரந்தோறும் நடந்த கூட்டங்களில் தொழிலாளர் தம் உரிமைகளைப் பற்றிக் கேட்டறிந்தனர். சிங்காரவேலரும் இவ்வியக்கத்தோடு நெருங்கினார். ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது, 1921இல், வழக்கறிஞர் தொழிலைத் துறந்து தம் அங்கியைத் தீயிலிட்டார். அப்போது அவருக்கு வயது 61. பலர் ஓய்வை நாடும் வயதில் அவருடைய பொதுவாழ்வு புதிதாகத் தொடங்கியது.

ஆலைப் போராட்டம் கற்பித்த பாடம்

1921ஆம் ஆண்டு நடைபெற்ற ஆலைப் போராட்டம் தமிழகத் தொழிலாளர் வரலாற்றில் மிகத் துயரமான நிகழ்வு. பல திங்கள் கூலியின்றித் தொழிலாளர் போராடினர். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின.

எனினும் அப்போராட்டத்தை முறித்தது துப்பாக்கி மட்டுமன்று. தொழிலாளருள் ஒரு பகுதியினர் வேலைக்குத் திரும்பினர். அவர்களுள் ஆதிதிராவிடர் பலர் இருந்தனர். அன்றாடக் கூலியையன்றி வேறு பற்றுக்கோடு இல்லாத அவர்களால் நெடுநாள் வேலையின்றி இருக்க இயலவில்லை. அதற்கும் மேலாக, ஊரில் தம்மைத் தீண்டத்தகாதவராக நடத்தியோரை ஆலை வாயிலில் மட்டும் உடன்பிறந்தாராக நம்புவது அவர்களுக்கு எளிதாக இருக்கவில்லை. வேலைக்குச் சென்றோருக்கும் செல்லாதோருக்கும் இடையே எழுந்த பகை, சாதிப் பகையாக மாறியது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. இறுதியில் சங்கம் தளர்ந்தது. தொழிலாளர் தம் கோரிக்கைகளைப் பெறாமலே ஆலைக்குத் திரும்பினர்.

சங்கத்தின் வலிமை உறுப்பினர் எண்ணிக்கையில் மட்டும் இல்லை என்பதை இப்போராட்டம் உணர்த்தியது. வெளியே சமத்துவம் இல்லாதபோது சங்கத்தினுள் ஒற்றுமை நிலைப்பதில்லை. சிங்காரவேலர் தம் வாழ்நாள் இறுதிவரை தொழிலாளர் உரிமையையும் சாதி ஒழிப்பையும் ஒருசேரப் பேசியதன் பொருளை இப்பின்னணியில் நாம் விளங்கிக்கொள்ளலாம்.

தெரிந்து தெளிவோம்

சென்னைத் தொழிலாளர் சங்கத் தலைவர்கள்மீது ஆலை நிறுவனம் இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தது. உயர்நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தடையாணை பிறப்பித்தது. தொழிலாளரை ஒன்றுதிரட்டுவதே சட்டப்படி தீங்கிழைக்கும் செயலாகக் கருதப்பட்ட காலம் அது. இவ்வழக்கு நாடெங்கும் பேசப்பட்டது. தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று என். எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் வலியுறுத்தினார். அதன் பயனாக 1926இல் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. ஏழு பேர் சேர்ந்து சங்கத்தைப் பதிவு செய்ய அச்சட்டம் வழிவகுத்தது. பதிவு பெற்ற சங்கத்தின் இயல்பான செயல்களுக்காக அதன் பொறுப்பாளர்கள்மீது சதி வழக்கோ இழப்பீட்டு வழக்கோ தொடுப்பதற்கு வரம்பு விதித்தது.

கயையும் மே நாளும்

1922ஆம் ஆண்டு இறுதியில் கயையில் பேராயக் கட்சியின் மாநாடு சித்தரஞ்சன் தாஸ் தலைமையில் நடைபெற்றது. அம்மாநாட்டில் சிங்காரவேலர் தொழிலாளர் பற்றிய தீர்மானத்தை முன்வைத்துப் பேசினார். தம்மைப் பொதுவுடைமையாளர் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டார். ஆங்கில அரசு அக்கொள்கையை அஞ்சிக் கண்காணித்துவந்த காலத்தில் அவ்வாறு அறிவிப்பதற்கு மிகுந்த துணிவு தேவைப்பட்டது. நாடு விடுதலை பெற்றாலும் உழைப்போர் வறுமையில் கிடந்தால் அவ்விடுதலை நிறைவு பெறாது என்பதே அவர் வலியுறுத்திய கருத்தாகும்.

அடுத்த ஆண்டு, 1923 மே முதல் நாள், சென்னையில் மே நாள் விழாவை அவர் நடத்தினார். உயர்நீதிமன்றத்திற்கு எதிரே உள்ள கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் இரண்டு கூட்டங்கள் நடைபெற்றன. இந்தியாவில் மே நாள் கொண்டாடப்பட்டது அதுவே முதன்முறை. அந்நாளில் தொழிலாளர் உழவர் கட்சியையும் அவர் தொடங்கினார். தொழிலாளருக்காகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இதழ்களை நடத்தினார்.

1924இல் கான்பூர்ச் சதி வழக்கில் அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. உடல்நலக் குறைவால் அவர் அங்குக் கொண்டுசெல்லப்படவில்லை. பின்னர் அவர்மீதான வழக்குக் கைவிடப்பட்டது. 1925 டிசம்பரில் அதே கான்பூர் நகரில் நடைபெற்ற முதல் பொதுவுடைமை மாநாட்டிற்கு அவரே தலைமையேற்றார். சென்னை மாநகராட்சியின் உறுப்பினராகவும் அவ்வாண்டுகளில் அவர் பணியாற்றினார்.

இருப்புப்பாதையும் அதன் தொழிலாளரும்

ஆலையில் நடக்கும் வேலைநிறுத்தத்திற்கும் பொதுப்பணியில் நடக்கும் வேலைநிறுத்தத்திற்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஆலை நின்றால் முதலாளிக்கு வருவாய் குறைகிறது. தொழிலாளிக்குக் கூலி நிற்கிறது. தொடர்வண்டி நின்றாலோ மருத்துவமனைக்குச் செல்பவரும், சந்தைக்குக் காய்கறி அனுப்பும் உழவரும், தேர்வெழுதப் புறப்பட்ட மாணவரும் இடையூறு அடைகின்றனர். ஆகவே பொதுப்பணி வேலைநிறுத்தம் அரசை விரைவில் அசைக்கிறது. அதே விரைவில் பொதுமக்களின் மனக்குறையையும் ஈட்டுகிறது.

தென்னிந்திய இருப்புப்பாதை அக்காலத் தமிழகத்தின் உயிர்நாடியாக இருந்தது. சென்னையிலிருந்து தூத்துக்குடி வரையிலும், பாம்பன் பாலத்தைக் கடந்து தனுஷ்கோடி வரையிலும், மேற்கே மலையாளக் கரை வரையிலும் அது பரவியிருந்தது. தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறி இலங்கை செல்வோருக்கும் அதுவே வழி. அதனை இயக்கியது இலண்டனில் பதிவு பெற்ற நிறுவனம், பாதைகளோ அரசுக்குரியவை. எனவே அங்கு எழும் பூசல் நிறுவனத்தோடு மட்டும் முடியாமல் அரசோடு மோதுவதாகவும் அமைந்தது.

அதில் உழைத்தோர் பல பிரிவினர். பணிமனைகளில் கொல்லரும் தச்சரும் கடைசல் வேலை செய்வோரும் வண்டிகளையும் இயந்திரங்களையும் பழுதுபார்த்தனர். ஓடும் வண்டியில் ஓட்டுநரும், கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப்போடும் தொழிலாளரும், கார்டுகளும் பணியாற்றினர். நிலையங்களில் கைகாட்டியையும் தண்டவாளப் பிரிவுகளையும் இயக்குவோர் இருந்தனர். வெயிலிலும் மழையிலும் பாதையைச் செப்பனிடும் கேங்மேன்கள் இருந்தனர். ஊதியத்திலும் பதவியிலும் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் ஒரு நிலை, ஏனைய இந்தியருக்கு வேறொரு நிலை என்ற பாகுபாடு நிலவியது. நிறுவனம் கொடுத்த குடியிருப்பில் வாழ்ந்தோர் வேலையிழந்தால் வீட்டையும் இழந்தனர்.

1927இல் வங்காள நாகபுரி இருப்புப்பாதைத் தொழிலாளர் போராடியபோது சிங்காரவேலர் வடக்கே சென்று அவர்களுக்கு ஆதரவு தெரிவித்தார். அதே ஆண்டு சென்னையில் எண்ணெய் நிறுவனத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்திலும் துணைநின்றார். அடுத்த ஆண்டு எழவிருந்த பெரும்போராட்டத்திற்கு இவை முன்னோட்டமாக அமைந்தன.

1928: பொன்மலையில் தொடங்கிய போர்

தென்னிந்திய இருப்புப்பாதை நிறுவனம் நாகப்பட்டினம், போத்தனூர் முதலிய இடங்களில் இருந்த பணிமனைகளை ஒருங்கிணைத்துத் திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலையில் ஒரே பெரிய பணிமனை அமைக்கத் திட்டமிட்டது. புதிய இயந்திரங்கள் வந்தன. இயந்திரங்கள் வந்ததால் ஆட்கள் மிகுதி என்று நிறுவனம் கருதியது. 3,000 பேருக்கு மேற்பட்டோரை நீக்க முடிவு செய்தது. யாரை வைத்துக்கொள்வது, யாரை நீக்குவது என்பதை முடிவு செய்யத் தொழில்திறன் தேர்வு ஒன்றையும் அறிவித்தது.

நாகப்பட்டினம் தென்னிந்திய இருப்புப்பாதையின் தொட்டில். அங்குத் தந்தையும் மகனும் ஒரே பணிமனையில் வேலை செய்த குடும்பங்கள் இருந்தன. இருபது ஆண்டு, முப்பது ஆண்டு இரும்போடு வாழ்ந்த கைகளைத் தேர்வு வைத்துப் பார்ப்பதை அவர்கள் இழிவாகக் கருதினர். அத்தேர்வு திறமையை அளப்பதற்கன்று. சங்கத்தில் முன்னிற்போரைக் களைவதற்கே என்றும் ஐயுற்றனர். பணிமனை இடம் மாறினால் ஊரின் கடைகளும் தெருக்களும் வெறுமையாகிவிடும் என்ற அச்சமும் இருந்தது.

தொழிலாளர் தேர்வுக்கு உடன்பட மறுத்தனர். ஜூன் இறுதியில் நிறுவனம் பணிமனைகளுக்குக் கதவடைப்புச் செய்தது. சிங்காரவேலரும் வங்காளத்தைச் சேர்ந்த தொழிற்சங்கத் தலைவரான முகுந்தலால் சர்க்காரும் தொழிலாளரிடையே சென்று பேசினர். அப்போது சிங்காரவேலருக்கு வயது 68.

இங்கு ஒரு நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். பணிமனை மூடப்பட்டாலும் வண்டிகள் சில காலம் ஓடிக்கொண்டே இருக்கும். பழுதுபார்க்கும் வேலை நின்றதன் விளைவு உடனே வெளிப்படாது. நிறுவனம் காத்திருக்கலாம், கூலியில்லாத தொழிலாளி காத்திருக்க இயலாது. எனவே பணிமனைத் தொழிலாளரின் போராட்டம் வெல்ல வேண்டுமாயின் வண்டி ஓட்டுவோரும் நிலையங்களில் பணிபுரிவோரும் அவர்களோடு சேர வேண்டும். இந்தத் தேவையே பாதை முழுவதற்குமான பொது வேலைநிறுத்தமாக வளர்ந்தது. ஆட்குறைப்பைக் கைவிடல், திறன் தேர்வை நீக்கல், ஊதியத்தை உயர்த்தல் ஆகியன தொழிலாளரின் கோரிக்கைகளாக இருந்தன.

ஜூலை மூன்றாம் வாரத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியது. பல தடங்களில் வண்டிகள் நின்றன. பல ஊர்களில் மக்கள் தொழிலாளர் பக்கம் நின்று ஆர்ப்பரித்தனர். அரசு காவல்படையைக் குவித்தது. காவலோடு வண்டிகளை ஓட்ட முயன்றது. வேலைநிறுத்தத்தை மீறிப் பணிக்குச் சென்றோரைத் தொழிலாளர் கருங்காலிகள் என்று இகழ்ந்தனர். சில இடங்களில் வண்டிகள் தடம்புரண்டன. வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே சிங்காரவேலரும் ஏனைய தலைவர்களும் சிறைப்படுத்தப்பட்டனர். தலைவர்கள் இல்லாமல், கையில் போதிய நிதியும் இல்லாமல், தொழிலாளர் நெடுநாள் தாக்குப்பிடிக்க இயலவில்லை. ஜூலை இறுதியில் வேலைநிறுத்தம் கைவிடப்பட்டது. பத்து நாள் அளவில் அது முடிந்துபோயிற்று. வேலையிழந்தோரின் துன்பமோ பல்லாண்டுகள் நீடித்தது.

வழக்கும் சிறையும்

வண்டிகள் தடம்புரண்டமைக்கும் தலைவர்களின் பேச்சுக்கும் தொடர்பு கற்பித்து அரசு சதி வழக்கொன்றைத் தொடுத்தது. அதுவே தென்னிந்திய இருப்புப்பாதைச் சதி வழக்கு எனப்படுகிறது. சிங்காரவேலருக்கும் முகுந்தலால் சர்க்காருக்கும் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பெருமாள் என்னும் தொழிலாளர் தலைவர் நாடுகடத்தும் தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் சிங்காரவேலரின் தண்டனைக்காலம் குறைக்கப்பட்டது. முதுமையும் நோயும் வாட்டிய நிலையில் சிறைவாழ்வை முடித்து 1930இல் அவர் வெளியே வந்தார்.

வசதியான வழக்கறிஞராகக் கடற்கரை இல்லத்தில் நூல்களுக்கு நடுவே அமைதியாக வாழ்ந்திருக்கக்கூடியவர் அவர். கூலி உயர்ந்தாலும் உயராவிட்டாலும் அவருக்குத் தனிப்பட்ட இலாப நட்டம் இல்லை. ஆயினும் முன்பின் அறியாத கொல்லர்களுக்காகவும் நிலக்கரி அள்ளியோருக்காகவும் அவர் சிறைக்குச் சென்றார். தொழிலாளரைத் தூண்டிவிட்டுத் தாம் ஒதுங்கிக்கொள்ளும் தலைவராக அவர் இருக்கவில்லை. இழப்பில் பங்குகொள்வதே அவர் கண்ட தலைமை.

தோல்வியின் விளைவுகள்

1928ஆம் ஆண்டு இந்தியாவெங்கும் வேலைநிறுத்தங்கள் மிகுந்த ஆண்டு. பம்பாயில் துணியாலைத் தொழிலாளர் மாதக்கணக்கில் போராடினர். இவற்றைக் கண்ட ஆங்கில அரசு 1929இல் தொழில் தகராறுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இருப்புப்பாதை, அஞ்சல், குடிநீர், மின்விளக்கு போன்ற பொதுப்பயன் பணிகளில் 14 நாள் முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் செய்வது குற்றம் என்று அச்சட்டம் விதித்தது. தில்லிச் சட்டமன்றத்தில் பகத்சிங்கும் பட்டுகேஸ்வர் தத்தும் 1929 ஏப்ரல் 8 அன்று குண்டு வீசியது இச்சட்டம் நிறைவேறிய வேளையிலேயே ஆகும்.

அச்சட்டத்தை இருவகையாக நோக்கலாம். திடீரென்று வண்டிகள் நின்றால் பொதுமக்கள் துன்புறுவர். ஆதலால் முன்னறிவிப்பு வேண்டும் என்பது ஒரு பார்வை. அந்த 14 நாள்களில் நிறுவனம் மாற்று ஏற்பாடு செய்துகொள்ளும், தலைவர்களைச் சிறைப்படுத்தும், ஆதலால் தொழிலாளரின் ஒரே படைக்கலம் மழுங்கிவிடும் என்பது மற்றொரு பார்வை. இரண்டிலும் உண்மை உண்டு. விடுதலைக்குப் பின்னரும் இவ்விரு பார்வைகளுக்கும் இடையே நாடு சமநிலை தேடிக்கொண்டே இருக்கிறது. 1974 மே மாதத்தில் ஏறத்தாழ 17 இலட்சம் இருப்புப்பாதைத் தொழிலாளர் இருபது நாள் நடத்திய வேலைநிறுத்தத்தின்போதும் இதே கேள்விகள் எழுந்தன. அதுவும் தலைவர்களின் சிறைவாசத்தோடும் கோரிக்கைகள் நிறைவேறாமலும் முடிவுற்றது.

ஒரு வேலைநிறுத்தம் தோற்பதாலேயே சங்கத்தின் பணி வீணாகிவிடுவதில்லை. தொழிலாளரைக் கலந்து பேசாமல் எடுக்கப்படும் முடிவுக்கு விலை உண்டு என்பதை 1928 உணர்த்தியது. அதேபோல், ஆத்திரத்தில் நிகழும் ஒரு தடம்புரளல் ஆயிரம் பேருடைய நேர்மையான கோரிக்கையை மறைத்துவிடும் என்பதையும் உணர்த்தியது. பணியை நிறுத்தும் ஆற்றல் சங்கத்தின் வலிமையில் ஒரு பகுதியே. உறுப்பினரிடையே பிளவின்மை, பசியைத் தாங்க உதவும் நிதி, கோரிக்கையின் நியாயத்தை எடுத்துரைக்கும் அறிவு, பயணச்சீட்டோடு நிலையத்தில் காத்திருக்கும் எளியவரின் நல்லெண்ணம் ஆகியவையே எஞ்சிய பகுதி. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் பெருந்திரளும் தளர்ந்துவிடும்.

தெரிந்து தெளிவோம்

சங்கம் அமைக்கும் உரிமையை இந்திய அரசமைப்பின் 19ஆம் உறுப்பு குடிமக்களுக்கு வழங்குகிறது. வேலைநிறுத்தம் செய்வது அவ்வுரிமைக்குள் அடங்கிய அடிப்படை உரிமை அன்று என்று உச்சநீதிமன்றம் 1960களின் தொடக்கத்தில் தீர்ப்பளித்தது. எனினும் 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் வேலைநிறுத்தத்தை முற்றிலும் தடைசெய்யாமல், அதற்குரிய முன்னறிவிப்பு, சமரசப் பேச்சு ஆகிய விதிகளை வகுத்தது.

அறிவே படைக்கலம்

சிறையிலிருந்து திரும்பிய சிங்காரவேலர் மீண்டும் எழுதுகோலை ஏந்தினார். தந்தை பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தோடு இணைந்து சமதர்மக் கொள்கைகளைப் பரப்பினார். குடிஅரசு இதழில் தொடர்ந்து கட்டுரைகள் எழுதினார். 1935இல் புதுஉலகம் என்னும் இதழையும் நடத்தினார். விண்மீன்களைப் பற்றியும் உயிர்களின் தோற்றத்தைப் பற்றியும் மூடநம்பிக்கைகளைப் பற்றியும் எளிய மக்கள் விளங்கிக்கொள்ளும் வகையில் எழுதினார்.

தொழிலாளர் தலைவர் ஒருவர் வானியலைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் வியக்கலாம். தன் வறுமையைத் தலைவிதி என்று நம்புபவர் கூலி உயர்வு கேட்க மாட்டார். பிறப்பால் தாழ்ந்தவர் ஒருவர் உண்டு என்று நம்புபவர் அவரோடு தோள்சேர்ந்து நிற்க மாட்டார். சங்கத்திற்கு வருமுன் மனம் விழிப்படைய வேண்டும். அவருடைய அறிவியல் கட்டுரைகளும் தொழிற்சங்கப் பணியும் ஒரே நோக்கத்தின் இரு முகங்கள் ஆகும்.

1944இல் தென்னிந்திய இருப்புப்பாதையின் நிருவாகத்தை அரசே நேரடியாக ஏற்றது. அம்மாற்றத்தைக் காணும்வரை சிங்காரவேலர் வாழ்ந்திருந்தார். 1946ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். நாடு விடுதலை பெற அப்போது ஓராண்டும் சில மாதங்களுமே எஞ்சியிருந்தன.

இன்று சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் மே நாள் கூட்டம் நடத்திய அதே கடற்கரையில், 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை நிற்கிறது. சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த அச்சிலையில் நால்வர் ஒரு பெரும்பாறையைப் புரட்டுகின்றனர். அவர்களுள் ஒருவர் கை தளர்ந்தாலும் பாறை நகராது. பொன்மலைத் தொழிலாளரிடம் சிங்காரவேலர் நாடிய ஒற்றுமையும் அத்தகையதே.

கற்பவை கற்றபின்

1. பொதுப்பயன் பணிகளில் வேலைநிறுத்தத்திற்கு முன்னறிவிப்பு வேண்டுமா என்னும் பொருளில் இரு குழுக்களாகப் பிரிந்து வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

2. 1921ஆம் ஆண்டின் ஆலைப் போராட்டத்தையும் 1928ஆம் ஆண்டின் இருப்புப்பாதைப் போராட்டத்தையும் ஒப்பிட்டு, அவை தோற்றமைக்கான காரணங்களைத் தொகுத்து ஒரு பக்க அளவில் எழுதுக.

3. உங்கள் பகுதியில் பேருந்து, தொடர்வண்டி, அஞ்சல், மின்வாரியம் ஆகியவற்றுள் ஒன்றில் பணியாற்றும் ஒருவரைக் கண்டு, அவருடைய ஒருநாள் வேலையைக் கேட்டறிந்து கட்டுரையாக்குக.

4. புதிய இயந்திரங்கள் வருவதால் வேலையிழப்போரிடம் ஒரு நிறுவனம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்? உங்கள் கருத்தைக் காரணங்களுடன் விளக்குக.